வெறுந்தட்டும் நீலக் குறியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை என் காரின் பின் இருக்கையில் ஒரு எவர்சில்வர் தட்டு மட்டும் பயணம் செய்தது. மஞ்சள் துணியில் சுற்றி, உருளாமல் இருக்க இருக்கைப் பட்டையையும் போட்டு வைத்தவள் அம்மா. தட்டில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் போய்ச் சேருவதுதான் அதன் வேலை.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் பழமும் பூவும் இனிப்பும் வைத்துக் கொண்டுவரும் தட்டைத் திரும்ப எடுத்துப் போகமாட்டார்கள். அது பெண் வீட்டிலேயே இருக்கும். சம்மதம் என்றால் பெண் வீட்டார் அதில் வெற்றிலை, தேங்காய், பழம் எல்லாம் நிரப்பி மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சம்மதம் இல்லையென்றால் தட்டைக் கழுவித் துடைத்து வெறுமனே அனுப்பிவிடுவார்கள். கொண்டுபோகிறவன் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் போதும். வேண்டாம் என்ற சொல்லை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

சுங்கை சோ என்ற ஊரிலிருந்து என் தங்கையைப் பார்க்க வந்தவர்களின் தட்டுதான் அது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனது நான். காரணம், ஒரு நீலக் குறி.

இதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, மேலே படித்து, மேசை வேலைக்குப் போனவன் நான்தான். அப்பா பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுத்தவர்; இப்போது அதே தோட்டத்து வாசலில் காவல். அம்மா செடிகளுக்கு மருந்து அடித்த காலமெல்லாம் முடிந்து வீட்டில் இருக்கிறாள். தங்கை புக்கிட் பெருந்துங்கில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்கிறாள். விடியும் முன்னே கிலாங் வேன் வந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் ஹாரன் அடிக்கும். நான் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து போகிறேன்.

படித்தவன் என்பதால் வீட்டில் எனக்குக் கிடைத்த பதவி, செய்தி அனுப்பும் அந்தப் பச்சை நிற ஆப்பில் குடும்பக் குரூப்புக்கு அட்மின். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதைப் போனில் இறக்கிக் கொடுத்தவன் நான். அம்மா அதற்குப் 'பச்சை' என்றே பெயர் வைத்துவிட்டாள். "பச்சையில போடு", "பச்சையில வந்துச்சா?" என்பாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குச் சிரமம். ஆனால் குறிகளைப் படிப்பாள். ஒற்றைக் குறி என்றால் போய்விட்டது, இரட்டை என்றால் சேர்ந்துவிட்டது, நீலமானால் படித்துவிட்டார்கள். இதை நான் ஒரே ஒரு முறைதான் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த உறவுக்காரர் எந்தச் சேதியைப் படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்பது தோட்டத்திலேயே அவளுக்குத்தான் அதிகம் தெரியும். "உங்க சித்தப்பனுக்கு நீலம் விழுந்துடுச்சு, வாயத் தொறக்கலயே" என்று ஒரு தீபாவளி முழுக்கச் சித்தப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போனோடு கூடவே வருகிற எஸ்.எம்.எஸ். பெட்டியை நான் எல்லாருக்கும் சத்தம் வராமல் அடைத்து வைத்திருந்தேன். கடன் வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது, இந்த இணைப்பைத் தொடு என்று வருவதெல்லாம் அதில்தான். "அதுல வர்றது எல்லாம் ஏமாத்து வேலை. தொடவே தொடாதீங்க" என்று சொல்லியிருந்தேன். என் போனிலும் அதை மூடியே வைத்திருந்தேன். வங்கி அனுப்பும் ரகசிய எண் தேவைப்பட்டால் மட்டும் எட்டிப் பார்ப்பேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில், தேநீர் குடித்து முடித்ததும் நான் என் வேலையை ஆரம்பித்தேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குரூப். மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர், போனைத் தூக்கி என்னிடமே கொடுத்துவிட்டார். "நீங்களே செஞ்சிருங்க தம்பி, எனக்கு இதுல பேச மட்டும்தான் தெரியும்." மாப்பிள்ளையிடம் கை நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்தார்.

"நான் அதுல இல்லண்ணே."

"இல்லயா? வேற போன் வச்சிருப்பீங்கல்ல?"

"இல்லலா. எங்க கிலாங்ல கேமரா வச்ச போன் உள்ள போகாது. பன்னெண்டு மணி நேரம் வேல. வெளிய வந்தா அந்தப் போன்ல நூறு மெசேஜ் நிக்கும், தலவலி. வித்துட்டேன். நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

எண்ணை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் தட்டிப் பார்த்தேன். அந்த எண் ஆப்பில் இல்லை என்று வந்ததும் சேமிக்காமல் விட்டுவிட்டேன்; அந்த வீட்டிலிருந்து குரூப்பில் சேர்ந்தது அவருடைய அப்பாவின் போன் மட்டும்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண் குறைத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அப்போது தங்கை காலிக் கோப்பைகளை எடுக்க வந்தாள். அவரிடம் அவள் பேசியது ஒரே ஒரு கேள்விதான்.

"உங்க கிலாங்லயும் போன வாங்கி லாக்கர்ல போட்டுப் பூட்டிடுவாங்களா?"

"ஆமா. சாவியக்கூட அவங்களே வாங்கிக்குவாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மற்ற யாருக்கும் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அவளிடமும் கிலாங்குக்கு எடுத்துப் போக ஒரு பட்டன் போன் இருந்தது. முன்னால் வந்து பார்த்துப் போனவர்கள் முன்னிலையில் அவள் தலையே நிமிர்ந்ததில்லை. அதனால் அம்மாவுக்கு அன்றைக்கே நம்பிக்கை வந்துவிட்டது. தட்டைச் சாமி மேடைக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

மறுநாள் அப்பா சொல்லச் சொல்ல, நான் மொழியைத் திருத்தி குரூப்பில் போட்டேன்: "எங்களுக்குப் பூரண சம்மதம். தங்கள் முடிவை அறியக் காத்திருக்கிறோம்." அனுப்பி, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் நீலம் விழுந்தது.

பதில் வரவில்லை.

அன்றைக்கு வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. நான் ஒரு வணக்கம் போட்டேன், நீலம். அப்பா ஒரு முருகன் பாட்டு போட்டார், நீலம். அம்மா குரலிலேயே பேசி அனுப்பினாள், "சம்மந்தி, நல்லாருக்கீங்களா?" என்று. அதைக் கேட்டுவிட்டதற்கும் குறி விழுந்தது. எதற்கும் ஒரு சொல் திரும்பி வரவில்லை. வாரம் முழுக்க ரவாங்கில் என் மேசையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் குறிகளையே பார்த்தேன். பார்க்காமலே இருந்திருந்தால் பரவாயில்லை. பார்த்துவிட்டு, கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டிருப்பது என்றால் என்ன அர்த்தம்?

"போன் போட்டுத்தான் கேளேன்" என்றார் அப்பா, சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும்.

"பொண்ணு வீட்டுக்காரங்க தொங்கிக்கிட்டு நிக்கணுமா? படிச்சுட்டு பதில் சொல்லாதவங்ககிட்ட போன்ல என்னா பேச்சு?" என்றாள் அம்மா.

நான் அம்மா பக்கம்தான் நின்றேன். குறிக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தவனே நான் அல்லவா?

இதற்கிடையில் எனக்கு விளங்காத ஒன்று, தங்கை. அவளுடைய வாழ்க்கைதான் அந்தக் குரூப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளோ நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், துணி காயப்போடும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அதிர்ச்சியில் இப்படி இருக்கிறாளோ என்றுகூட நான் பயந்தேன்.

ஞாயிறு விடிகாலையில் அம்மா முடிவெடுத்துவிட்டாள். தங்கை வேலைக்குப் போகக் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது, என் முன்னால் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அவங்க வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி நாமளே குடுத்துடலாம். எம் பொண்ணுக்கு என்னா கொற? வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடு."

தங்கை குனிந்தபடியே நின்றுவிட்டாள். "ம்மா, இன்னும் கொஞ்ச நாள்..." என்று ஆரம்பித்தாள். வேன் ஹாரன் அடித்தது. அப்பா அப்போது அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியை விழுங்கிக்கொண்டாள். வாசல் இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அண்ணே, போனப் பாத்துக்கிட்டே இரு."

வேன் போய்விட்டது. நானும் பார்த்துக்கொண்டேதான் போனேன். பத்து ஆராங் தாண்டி ஓரிடத்தில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பச்சையைத் திறந்தேன். யார் யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூக்கள். தங்கையிடமிருந்து ஒன்றுமில்லை. லாக்கரில் பூட்டிவிடுவார்கள் என்று நல்ல போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பாள், பிறகு எப்படி அனுப்புவாள் என்று எண்ணிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

சுங்கை சோவில் அவர்கள் வீட்டுச் சந்தில் திரும்பியதும் எனக்கு முதல் அதிர்ச்சி. மாப்பிள்ளை கேட்டுக்கு வெளியே, ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. வெறுந்தட்டு கொண்டுபோகிறவன் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆனால் அவர் என் காரைத் தேடிக்கொண்டு நின்றது தெரிந்தது. கையில் அந்தப் பட்டன் போன்.

நான் இறங்கிப் பின் கதவில் கை வைப்பதற்குள் ஓடிவந்து கதவை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், தட்ட எடுக்காதீங்க. உள்ளயே இருக்கட்டும்."

மச்சான்! ஒரு வாரத்துக்கு முன்னால் நான் அண்ணன். இப்போது மச்சானாகிவிட்டேன். அதைவிட, துணியில் சுற்றிப் பின்னால் வைத்திருக்கும் தட்டு இவருக்கு எப்படித் தெரியும்?

"தட்டு... உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நகத்தளவு திரை. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். "அண்ணே வெறுந்தட்டோட வர்றாரு. வாங்காதீங்க." அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் அவர் போட்டு வைத்திருந்தது 'லாக்கர்'. எண்ணைப் பார்த்தேன். என் தங்கையின் பட்டன் போன் எண்.

அதற்குள் அவருடைய அம்மா, கையில் மாவு ஒட்டியிருக்க வாசலுக்கு வந்துவிட்டார். என் முகத்தையும் கார் கண்ணாடிக்குள் தெரிந்த மஞ்சள் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா தம்பி இது? வெறுந்தட்டா? ஒங்க தங்கச்சிதான் சரின்னு சொல்லிருச்சே! நெறஞ்ச தட்டு எப்ப வரும், எப்ப வரும்னு நான் வெத்தலகூட வாங்காம ஒக்காந்திருக்கேன்!"

"ஆன்ட்டி, நீங்கதான் பதிலே சொல்லல. நாங்க குரூப்புல போட்டோம். நீங்க படிச்சிட்டீங்க. நீலம் விழுந்துச்சு."

"என்னா நீலம்?"

நான் போனைத் திறந்து காட்டினேன். ஆன்ட்டி மாவுக் கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அங்கிளும் வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. கூடத்துக்குள்ளிருந்து முருகன் பாட்டு கேட்டது, பிறகு அம்மாவின் குரல், "சம்மந்தி, நல்லாருக்கீங்களா?" அதே சேதி. மறுபடியும், மறுபடியும்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அங்கிளின் மகள் வயிற்றுப் பேத்தி, இன்னும் பாலர் பள்ளிக்குக்கூடப் போகாத குழந்தை, சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு தாத்தாவின் போனைத் தட்டிக்கொண்டிருந்தது. பொம்மைப் படம் முடிந்தால் பச்சை, பச்சை சலித்தால் பொம்மைப் படம். எது வந்தாலும் முதலில் திறப்பது அதுதான்.

"அது கையிலதான் எப்பவும் இருக்கும் தம்பி. நமக்கு யாரும் போன் போட்டா மட்டும் கொண்டாந்து குடுக்கும்" என்றார் அங்கிள்.

ஒரு வாரம் நாங்கள் சோறு இறங்காமல் அர்த்தம் தேடிய நீலமெல்லாம் அந்தப் பிஞ்சு விரல் போட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு எழுத்து படித்தவன் என்று என்னை நம்பி, ஒரு குடும்பமே அதை 'வேண்டாம்' என்று படித்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு அந்தக் குறுஞ்செய்தி கிடைக்காமல் இருந்திருந்தால், நான் கேட்டில் தட்டைக் கொடுத்துவிட்டு, வழக்கப்படி ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பியிருப்பேன். அவர்களும் வழக்கப்படி ஒரு வார்த்தையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"உள்ள வாங்க, தேத்தண்ணி குடிங்க" என்று கூப்பிட்ட ஆன்ட்டி, "தட்டு மட்டும் வாசப்படி தாண்டக்கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றும் எச்சரித்தார்.

தேநீர் வரும்வரை மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க மச்சான். அன்னைக்கு உங்ககிட்ட நம்பர் சொன்னேன்ல? அத உங்க தங்கச்சி குசினி வாசல்ல நின்னு கேட்டு மனசுலயே வச்சுக்கிட்டாங்க. மறுநாள் மெசேஜ் வந்துச்சு."

நான் தட்டிப் பார்த்துவிட்டுச் சேமிக்காமல் விட்ட எண்!

"என்னா கேட்டா?"

அவர் பழைய செய்திகளுக்குப் போய் மறுபடியும் போனை நீட்டினார். முதல் கேள்வி: "கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன். டெக்னீஷியன் பரீட்சை எழுதப் போறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க." அவர் பதில்: "போங்க. எனக்கு நைட் ஷிப்ட் உண்டு. யார் முதல்ல வீட்டுக்கு வர்றாங்களோ அவங்க சோறு ஆக்கணும்." அதற்கு அவள்: "எனக்கு நண்டு ஆக்கத் தெரியாது." அவர்: "சுங்கை செம்பிலாங் கடையில ஆக்கினதே கிடைக்கும்." கடைசியில் அவள்: "அப்ப சரி."

அவ்வளவுதான். பூ இல்லை, படம் இல்லை, குறி இல்லை. அந்த நாலைந்து வரியைப் படித்துவிட்டு என்னால் நிமிர முடியவில்லை. அவள் பரீட்சை எழுதப் போகிறாள் என்பதே எனக்குத் தெரியாது. பெண் பார்க்க யார் யாரோ வந்து போனார்கள். நாங்கள் சம்பளம் கேட்டோம், ஜாதகம் கேட்டோம், சொந்த வீடா என்று கேட்டோம். இதை அவளுக்காக யாரும் கேட்டதில்லை. நான் அட்மினாக இருந்த குரூப்பில் அவளால் கேட்டிருக்கவும் முடியாது. அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யாரும் எட்டிப் பார்க்காத, நான் சத்தத்தையே அடைத்து வைத்த அந்தப் பெட்டியில்தான் அவள் தன் கல்யாணத்தைப் பேசி முடித்திருக்கிறாள்.

அங்கிள் பேத்தியின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அது அழ அழ, என் அப்பாவுக்குச் சாதாரண அழைப்பு போட்டார். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "சம்மந்தி! எங்களுக்கு சம்மதம் சம்மதம்!" என்று கத்தினார். பிள்ளைகள் இரண்டு பேரும் முன்பே பேசிக்கொண்டதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதை என் தலையில் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

காருக்கு வந்து உட்கார்ந்தேன். தட்டு பட்டைக்குள் அப்படியே இருந்தது. போனை எடுத்து, பச்சையைத் தொடாமல், ஓரத்தில் கிடந்த எஸ்.எம்.எஸ். பெட்டியைத் திறந்தேன். கடன், பரிசு, வங்கி எண்; எல்லாவற்றுக்கும் மேலே தங்கை. அம்மா என்னைக் கிளப்பிக்கொண்டிருந்த நேரத்தில், வேனில் உட்கார்ந்து அனுப்பியிருக்கிறாள்.

"அண்ணே தட்ட எடுத்துட்டுப் போகாத. நான் அவர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். அப்பாகிட்ட சொல்ல பயமா இருக்கு. நீ சொல்லு."

முதலில் எனக்குத்தான் அனுப்பியிருக்கிறாள். என்னிடமிருந்து பதில் வராமல் போன பிறகுதான் அவருக்கு.

பத்து ஆராங் ரோட்டில் திரும்பி வரும்போது, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"நீலம் விழுந்துச்சேடா!"

"பேத்தி தட்டுனதும்மா."

"அது படிச்சுச்சா?"

"பாத்துச்சு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாவின் நினைவு வந்ததோ என்னவோ, அவர் வீட்டில் யார் கையில் போன் இருக்கும் என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்பா காவல் சட்டையின் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேசிக்க வேண்டிய ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. அப்புறம் நீ என்னாத்துக்குலா குரூப்பு வச்சிருக்க?"

சொல்லிவிட்டுத் தேங்காய் உரிக்கப் பின்பக்கம் போனார்.

நான் தட்டைக் காரிலிருந்து எடுத்துவந்து சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தேன். கிலாங்கில் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்து, எஸ்.எம்.எஸ். பெட்டியைத் திறந்து, தங்கையின் பட்டன் போனுக்குத் தட்டினேன்: "தட்டு வீட்டுக்கு வந்துடுச்சு. அப்பா தேங்காய் உரிக்கிறாரு." அனுப்பிய பிறகு பழக்கத்தில் கீழே குறியைத் தேடினேன். அவள் போனில் அதெல்லாம் கிடையாது. படித்தாளா, இல்லையா, தெரியாது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வேன் வரும் திசையைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்தேன்.